ஜானி கேஷின் 'பிட்டர் டியர்ஸ்': தண்ணீரில் தொடங்கும் ஓர் ஆல்பம்

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் சிறைக் கச்சேரிகளையும், கடைசிக் காலத்தில் தயாரிப்பாளர் ரிக் ரூபினுடன் செய்த பதிவுகளையும் திரும்பத் திரும்பக் கேட்டு முடித்துவிட்ட ஒரு நண்பர், "இனி எதைக் கேட்பது? ஃபோக்கும் (நாட்டார் பாடல்) கன்ட்ரியும் (அமெரிக்கக் கிராமிய இசை) கலந்த, பலரும் தாண்டிப் போய்விட்ட ஆல்பம் ஒன்று அவரிடம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. 1964 அக்டோபரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'பிட்டர் டியர்ஸ்' (கசப்புக் கண்ணீர்). அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிய எட்டுக் கதைப்பாடல்கள், மொத்தமே அரைமணி நேரம்தான். கேஷின் ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் ஃபோல்சம் சிறைப் பதிவைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு நான் இதைத்தான் எடுப்பேன்.

தாண்டிப் போய்விட்டார்கள் என்றால் அன்று யாரும் வாங்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். பில்போர்டு என்ற இசை வணிக இதழின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் இது இரண்டாம் இடம் வரை ஏறியது. இதில் உள்ள, பூர்வகுடிப் போர்வீரர் ஒருவரைப் பற்றிய 'அய்ரா ஹேய்ஸ்' பாட்டு தனி இசைத்தட்டாக வந்து மூன்றாம் இடத்தைப் பிடித்தது. ஆனால் காலம் போகப் போக கேஷ் என்றால் 'ரிங் ஆஃப் ஃபயர்', கறுப்புச் சட்டை, சிறைக் கைதிகளின் ஆரவாரம் என்று ஒரு சித்திரம் நிலைத்துவிட்டது. அதற்குள் இந்த ஆல்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ரசிகர்கள் ஒரு பாட்டை மட்டும் தொகுப்புகளில் கேட்டுவிட்டு மற்ற ஏழையும் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். இதை முழுதாக, வரிசை மாறாமல் கேட்க வேண்டும் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கேஷ் யார் வீட்டுப் பிள்ளை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1932இல் ஆர்கன்சாவில் பிறந்தவர். பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, நொடித்துப்போன விவசாயிகளைக் குடியமர்த்த ரூஸ்வெல்ட் அரசு டையஸ் என்ற இடத்தில் ஒரு குடியிருப்பை உருவாக்கியது. 1935இல் கேஷின் குடும்பத்துக்கு அங்கே ஒரு வீடும் இருபது ஏக்கர் நிலமும் கிடைத்தன. பருத்தி எடுத்து வளர்ந்தவர் அவர். 1937 வெள்ளத்தில் ஐந்து வயது நிரம்பாத பையனாக ஊரைவிட்டு வெளியேறியவர். பின்னாளில் தண்ணீர் அடி அடியாக ஏறுவதை எண்ணிக்கொண்டே போகும் ஒரு பாட்டாக அதை எழுதினார். ஆக, அரசாங்கம் கொடுத்த நிலத்தில் பிழைத்த குடும்பம் அது. வெள்ளம் என்றால் என்னவென்று அறிந்த குடும்பம். அப்படிப்பட்டவர் முப்பத்திரண்டு வயதில், அரசாங்கம் நிலத்தைப் பறித்துக்கொண்ட மக்களைப் பற்றியும், அரசாங்கமே வரவழைத்த வெள்ளத்தைப் பற்றியும் பாட உட்கார்ந்தார். இந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது மனதில் ஓடும்.

எட்டில் ஐந்து பாட்டுகளை எழுதியவர் பீட்டர் லா ஃபார்ஜ். இந்தப் பெயரை இன்று ஃபோக் இசை ரசிகர்களிலும் பலர் மறந்துவிட்டார்கள். நவஹோ என்ற பூர்வகுடி மக்களைப் பற்றிய நாவலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற ஆலிவர் லா ஃபார்ஜின் மகன். கொலராடோவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்து, கடற்படையில் பணியாற்றி, ரோடியோ போட்டிகளில் காளை அடக்கி, பிறகு கிதாருடன் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் வந்து சேர்ந்தவர். அந்த வட்டாரத்தில் எல்லோரும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையும் அணுகுண்டையும் பாடிக்கொண்டிருந்தபோது, இவர் பூர்வகுடிகளைப் பற்றியே விடாப்பிடியாக எழுதினார். நாஷ்வில்லில் கொடிகட்டிப் பறந்த ஒரு கன்ட்ரி நட்சத்திரம் ஃபோக் பாடகர் ஒருவரிடமிருந்து அரை ஆல்பத்துக்கு மேல் பாட்டுகளை வாங்கிப் பாடுவது அன்று வழக்கமில்லாத செயல். இரண்டு இசைகளுக்கும் வேர் ஒன்றாக இருந்தாலும் அவற்றைக் கேட்டவர்கள் வேறு வேறு. ஃபோக் ரசிகர்கள் பல்கலைக்கழக வளாகங்களிலும் காபிக் கடைகளிலும் இருந்தார்கள். கன்ட்ரி ரசிகர்கள் லாரி ஓட்டினார்கள், பண்ணை வைத்திருந்தார்கள், நாட்டுப்பற்று மிக்கவர்களாகத் தங்களைக் கருதினார்கள். லா ஃபார்ஜின் வரிகளை இந்த இரண்டாம் கூட்டத்தாரின் வரவேற்பறைக்குள் கொண்டுபோய் வைத்ததுதான் கேஷ் செய்த வேலை.

முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. வானொலிக்கு இரண்டரை நிமிடப் பாட்டு தேவைப்பட்ட காலத்தில் ஆல்பத்தின் வாசலிலேயே இதை வைத்தது, கேட்பவர் நின்று கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். பாட்டின் பெயர் 'புல் வளரும் காலம் வரை' என்று பொருள்படும். நிலா எழும் வரை, ஆறு ஓடும் வரை, சூரியன் ஒளிரும் வரை, புல் வளரும் வரை நிலம் உங்களுடையது என்று வெள்ளையர் கொடுத்த வாக்கு அதன் பல்லவியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமாகப் பல்லவி திரும்ப வரும்போது மனம் ஆறுதல் கொள்ளும். இங்கே ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த வாக்கின் பொய் இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிறது.

அதன் பின்னணி தெரிந்தால்தான் பாட்டின் கனம் முழுதாக இறங்கும். 1794இல் ஜார்ஜ் வாஷிங்டன் அரசு இரோக்குவாய் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் ஆறு இனங்களுடன் கனன்டைகுவா என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் செய்தது. அந்த ஆறில் ஒன்றான செனெகா மக்களின் நிலம் அவர்களுடையது, அமெரிக்கா அதில் ஒருபோதும் உரிமை கோராது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, பென்சில்வேனியாவில் அலகேனி ஆற்றின் குறுக்கே கின்சுவா அணையைக் கட்ட இராணுவப் பொறியாளர் படை முன்வந்தது. கீழே உள்ள பிட்ஸ்பர்க் நகரை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றார்கள். அணையின் நீர் தேங்கும் இடத்தில் செனெகா மக்களின் சுமார் பத்தாயிரம் ஏக்கர் நிலம் இருந்தது. வீடுகள், பள்ளி, ஆற்றங்கரை வயல்கள், கல்லறைகள் எல்லாம் அதில் அடக்கம். செனெகா மக்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக இருந்த ஆர்தர் மோர்கன் என்ற பெரிய பொறியாளர், இவர்கள் நிலத்தைத் தொடாமலே வெள்ளத்தைத் திருப்பிவிட மாற்றுத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. 1961இல் அதிபர் கென்னடியிடம் முறையிட்டார்கள். நிறுத்த இயலாது என்று பதில் வந்தது.

அறுநூறு பேர் வெளியேற வேண்டியிருந்தது. செனெகா மக்களின் பெருந்தலைவர் கார்ன்பிளான்டரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மேட்டு நிலத்தில் மறுபடி புதைத்தார்கள். இந்த ஆல்பம் கடைக்கு வந்த அதே இலையுதிர் காலத்தில்தான் அந்தக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தன. கேஷ் பழங்கதை எதையும் பாடவில்லை. அந்த வாரத்துச் செய்தியைப் பாடினார். கனன்டைகுவா ஒப்பந்தம் இன்று வரை செல்லுபடியாகும் சட்டம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் ஆண்டுதோறும் நாலாயிரத்து ஐந்நூறு டாலர் மதிப்புள்ள பொருள் தருவதாக ஒரு ஷரத்து இருக்கிறது. அதன்படி அமெரிக்க அரசு இன்றும் ஆறு இனங்களுக்கும் துணி அனுப்பிவருகிறது. நிலத்தை மூழ்கடித்தவர்கள் துணியை நிறுத்தவில்லை. செனெகா மக்களும், ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்றாக அதை வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தப் பாட்டில் கேஷின் குரலைக் கவனியுங்கள். கோபத்தைக் காட்ட ஓர் இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. பத்திரம் படிக்கும் குமாஸ்தாவின் நிதானத்தோடு பெயர்களையும் தேதிகளையும் சொல்லிக்கொண்டே போகிறார். பின்னால் கன்ட்ரி இசையில் பெயர்பெற்ற கார்ட்டர் குடும்பத்துப் பெண்களின் குரல்கள் மெல்ல எழுந்து அடங்குகின்றன. இரண்டாம் முறை கேட்கும்போது கேஷை விட்டுவிட்டு அந்தப் பெண்குரல்களை மட்டும் பின்தொடருங்கள். அப்பலாச்சிய மலைத் தேவாலயங்களின் துக்கம் அதில் இருக்கிறது.

அடுத்ததாக 'அய்ரா ஹேய்ஸ்' பாட்டுக்கு வருகிறேன். ஆல்பத்தில் இது ஐந்தாவது, அதாவது இசைத்தட்டைத் திருப்பிப் போட்டதும் வருவது. முதல் பக்கம் நீரில் மூழ்கும் நிலத்தோடு தொடங்கியது என்றால் இரண்டாம் பக்கம் நீரின்றிக் காய்ந்த நிலத்தோடு தொடங்குகிறது. இந்த அமைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. எனக்கோ இதுதான் ஆல்பத்தின் முதுகெலும்பு.

அய்ரா ஹேய்ஸ் அரிசோனாவின் ஹீலா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பீமா இனத்தவர். அந்த மக்கள் பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டி, ஹீலா ஆற்று நீரைப் பாய்ச்சி, பல நூற்றாண்டுகள் பயிர் செய்தவர்கள். கலிஃபோர்னியாவுக்குப் போகும் வழியில் பசித்து வந்த வெள்ளையருக்குத் தானியம் விற்ற செழிப்பு அவர்களுக்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கீழே ஆறு வறண்டது. விவசாயக் குடிகள் பட்டினி கிடந்தார்கள். பாட்டு அய்ராவின் வீரத்தில் தொடங்கவில்லை, இந்த வாய்க்காலில் தொடங்குகிறது என்பது லா ஃபார்ஜின் மேதைமை. ஒரு மனிதனின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுகிறவர் அவன் பிறப்பதற்கு முன்பே, ஊருக்குத் தண்ணீர் வருவது நின்ற நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறார்.

இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானின் இவோ ஜிமா தீவின் சூரிபாச்சி மலையில் ஆறு வீரர்கள் கொடியை நட்டார்கள். ஜோ ரோசென்தால் எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர் அமெரிக்காவில் இருக்க முடியாது. அந்த ஆறு பேரில் ஒருவர் ஹேய்ஸ். மூன்று பேர் அதே தீவில் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். ஹேய்ஸை ஊருக்கு அழைத்துவந்து, போர்க் கடன் பத்திரம் விற்க நகரம் நகரமாகக் கொண்டுபோனார்கள். போகுமிடமெல்லாம் விருந்தும் மதுவும். தான் வீரனில்லை, வீரர்கள் அங்கேயே செத்துக் கிடக்கிறார்கள் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பாட்டில் வராத ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கொடி நட்டவர்களில் ஹார்லன் பிளாக் என்பவரை அதிகாரிகள் வேறொருவராகத் தவறாக அறிவித்துவிட்டார்கள். உண்மை ஹேய்ஸுக்குத் தெரியும். சொன்னார், வாயை மூடிக்கொண்டிரு என்று உத்தரவு வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியதும் 1946இல் அரிசோனாவிலிருந்து டெக்சாசின் தென்கோடி வரை, சுமார் ஆயிரத்து முந்நூறு மைல், நடந்தும் வழியில் வந்த வண்டிகளில் ஏறியும் போய், வயலில் வேலை செய்துகொண்டிருந்த பிளாக்கின் தந்தையைக் கண்டு, "படத்தில் இருப்பது உங்கள் மகன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். குடிகாரன் என்று ஊரே சொன்ன மனிதர் இவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டின் பல்லவியில் 'குடிகார அய்ரா ஹேய்ஸ்' என்று வரும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். இனி எப்படி அழைத்தாலும் அவன் பதில் சொல்லமாட்டான் என்று அது முடிகிறது.

1954 நவம்பரில் ஆர்லிங்டனில் அந்தப் புகைப்படத்தை மாபெரும் வெண்கலச் சிலையாகத் திறந்துவைத்தபோது ஹேய்ஸும் அங்கே இருந்தார். பத்து வாரம் கழித்து, 1955 ஜனவரி 24 அன்று, சொந்த ஊரில் ஒரு பாழடைந்த குடிசைக்கு அருகே இறந்து கிடந்தார். வயது முப்பத்திரண்டு. குளிரும் குடியுமே காரணம் என்று அதிகாரிகள் எழுதினார்கள். வாய்க்காலில் கிடந்த இரண்டு அங்குலத் தண்ணீரே அவனுக்குச் சவக்குழியானது என்று பாட்டு சொல்கிறது. அது கவிஞர் எடுத்துக்கொண்ட உரிமை. ஆனாலும் எவ்வளவு சரியான உரிமை! முதல் அடிகளில் நிறைந்து ஓடிய வாய்க்கால், கடைசியில் ஓர் ஆளைக் கொல்ல மட்டும் போதுமான தண்ணீரோடு திரும்பி வருகிறது. நம் புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டுகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டமைப்பின் கூர்மை உடனே பிடிபடும்.

ஹீலா ஆற்று மக்களுக்குத் தண்ணீர் உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் 2004இல்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாட்டு வந்து நாற்பது ஆண்டு கழித்து.

ஆல்பத்துக்கு முன்பே கேஷின் 'அய்ரா ஹேய்ஸ்' தனி இசைத்தட்டாக வெளிவந்ததும் பல வானொலி நிலையங்கள் அதைத் தொடவில்லை. நீளம் அதிகம் என்றார்கள். ரசிகர்கள் கேளிக்கையைத்தான் விரும்புகிறார்கள் என்றார்கள். கேஷ் 1964 ஜூலையில் நியூபோர்ட் ஃபோக் விழாவுக்குப் போய், பாப் டிலனும் ஜோன் பயேஸும் பாடிய அதே விழாவில் இந்தப் பாட்டைப் பாடினார். அங்கே வரவேற்பு இருந்தது. தன் சொந்தக் கூட்டத்தாரிடம்தான் அவருக்குச் சண்டை. ஆகஸ்ட் 22 தேதியிட்ட பில்போர்டு இதழில் முழுப்பக்கம் விலைக்கு வாங்கி, வானொலி அறிவிப்பாளர்களுக்கும் நிலைய மேலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் துணிச்சல் எங்கே போயிற்று என்பது அதன் சாரம். இந்தப் பாட்டு காட்டமான மருந்துதான், ராச்செஸ்டரும் ஹார்லெமும் பர்மிங்காமும் வியட்நாமும்கூட அப்படித்தான் என்று எழுதினார். அந்தப் பெயர்களை வரிசையாக அடுக்கியது சாதாரண விஷயமில்லை. முதல் மூன்றும் கறுப்பின மக்களின் கலவரமும் குருதியும் பட்ட ஊர்கள். வியட்நாம் போர் அப்போதுதான் முற்றிக்கொண்டிருந்தது. 1964இல் ஒரு கன்ட்ரி பாடகர் இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொன்னார். தன் பிழைப்பு எந்த வானொலி நிலையங்களை நம்பியிருந்ததோ அவற்றின் முகத்துக்கு நேரே சொன்னார். சிறைக் கச்சேரிகளைவிட இதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது என் கருத்து. ஃபோல்சம் பதிவு அவரைத் தூக்கிவிட்டது. இந்தக் கடிதத்தால் அவருக்கு நட்டம்தான் வந்திருக்க முடியும்.

மற்றப் பாட்டுகளில் 'டிரம்ஸ்' என்பதைத் தவறவிடாதீர்கள். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த அரசு உறைவிடப் பள்ளிகளைப் பற்றியது. 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் தொடங்கிய பள்ளி இவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. அங்கே படிக்கும் ஒரு பையன் ஆசிரியரைப் பார்த்துப் பேசுகிறான். தனக்கென்று ஒரு பெயர் இருந்தும், பில்லி என்று கூப்பிட்டால் போய் நிற்கிறேன் என்கிறான்; வெட்கப்பட இங்கே வேகமாகக் கற்றுக்கொண்டேன் என்கிறான். பாட்டு முழுதும் அடியில் ஒரு மத்தளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, தூரத்து மலைக்கு அப்பால் முழங்குவதைப் போல. இந்தப் பள்ளிகளைப் பற்றி அமெரிக்க அரசு தானே விசாரித்து அறிக்கை வெளியிட 2022 வரை ஆயிற்று என்பதை நினைத்தால், லா ஃபார்ஜ் எவ்வளவு முன்னால் இருந்தார் என்று புரியும்.

'கஸ்டர்' கேலிப் பாட்டு. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் மாண்ட தளபதியைப் பற்றியது. பள்ளிப் புத்தகங்கள் மாவீரனாக்கிய ஆளைத் துள்ளல் மெட்டில் எள்ளி நகையாடுகிறது. கேஷின் குரலில் சிரிப்பு ததும்புகிறது. இரண்டு கனமான பாட்டுகளுக்குப் பின் இது வருவது கேட்பவருக்குச் சற்று மூச்சுவிட இடம் தருகிறது.

கேஷே எழுதியவை இரண்டு. 'அப்பாச்சி டியர்ஸ்' அரிசோனாவில் கிடைக்கும் கருங்கண்ணாடிக் கற்களைப் பற்றியது. இறந்த வீரர்களுக்காக அப்பாச்சிப் பெண்கள் விட்ட கண்ணீரே அந்தக் கற்களாக உறைந்தது என்பது அங்குள்ள கதை. 'டாக்கிங் லீவ்ஸ்' (பேசும் இலைகள்) செரோக்கி மொழிக்கு எழுத்து உருவாக்கிய செகோயாவைப் பற்றியது. வெள்ளி வேலை செய்துவந்த செகோயா, வேறெந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாமலே, 1821 வாக்கில் தம் மொழியின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு குறி அமைத்து எழுத்து முறை ஒன்றை முடித்தார். 1828இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே அச்சாகத் தொடங்கிவிட்டது. பாட்டில், போர் முடிந்த களத்தில் தந்தையோடு நடக்கும் சிறுவன் காற்றில் பறக்கும் வெள்ளைத் தாள்களைப் பார்த்து அவை என்னவென்று கேட்கிறான். பாட்டாளர் என்ற முறையில் கேஷ் எழுதிய நல்ல வரிகளில் சில இங்கே இருக்கின்றன என்பேன். பாதி பேச்சும் பாதி பாட்டுமாக அவர் அதைச் சொல்லிச் செல்கிறார்.

இசை மிகச் சிக்கனம். கேஷின் வழக்கமான குழுதான்: கிதாரில் லூதர் பெர்கின்ஸ், பாஸில் மார்ஷல் கிரான்ட், டிரம்ஸில் டபிள்யூ. எஸ். ஹாலண்ட். கூடவே இளம் நார்மன் பிளேக்கின் கிதார். அந்தக் குழுவுக்கே உரிய ரயில் ஓட்டத் தாளம் இங்கே பெரும்பாலும் அடக்கி வாசிக்கப்படுகிறது. தயாரித்தவர்கள் டான் லாவும் ஃபிராங்க் ஜோன்சும். இந்த டான் லாதான் 1936, 37 ஆண்டுகளில் டெக்சாசில் ராபர்ட் ஜான்சனின் புளூஸ் பாட்டுகளைப் பதிவு செய்தவர். ஒரு மனிதர், ஒரு கிதார், சுற்றிலும் வெற்றிடம் என்றால் ஒலிவாங்கி முன்னால் என்ன செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேஷ் அப்போது போதை மாத்திரைப் பழக்கத்தின் பிடியில் இருந்தார். குரலில் ஒரு வறட்சி தெரியும். சில இடங்களில் அடித்தொண்டை கரகரக்கிறது. மெருகு குறைந்த அந்தக் குரல் இந்தப் பாட்டுகளுக்குப் பொருந்துகிறது.

குறைகள் உண்டு. 'ஒயிட் கேர்ள்' வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்துக் கைவிடப்பட்ட பூர்வகுடி இளைஞனின் பாட்டு. அந்தப் பெண்ணுக்கு மனம் என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டவில்லை. எட்டில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். கடைசிப் பாட்டு 'த வானிஷிங் ரேஸ்', 1960இல் கார் விபத்தில் இறந்த நண்பர் ஜானி ஹார்ட்டன் விட்டுச்சென்றது. மெட்டு அழகு. ஆனால் 'மறைந்துவரும் இனம்' என்ற கருத்தை இன்று ஏற்க முடியாது. அந்த மக்கள் மறையவில்லை. வழக்காடுகிறார்கள், பள்ளிகளில் தங்கள் மொழியைக் கற்பிக்கிறார்கள், தண்ணீரை மீட்டிருக்கிறார்கள். தனக்குச் செரோக்கி இரத்தம் உண்டென்று கேஷ் அக்காலத்தில் சொல்லிவந்ததும் உண்மையில்லை. தன் முன்னோர் ஸ்காட்லாந்துக்காரர் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் வெளியாள் ஒருவர் இவற்றைப் பாட என்ன உரிமை என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். என் பதில் அவர் பிறகு நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. ஆல்பம் ஓய்ந்ததும் அவர் விஷயத்தை விட்டுவிடவில்லை. 1966இல் செனெகா மக்கள் அவரைத் தங்கள் ஆமைக் குலத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1968 டிசம்பரில் தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பகுதிக்குப் போய் லக்கோட்டா மக்களுக்காகப் பாடினார். 1890இல் இராணுவம் படுகொலை நடத்திய வூண்டட் நீ களத்துக்கும் போனார். ஃபோல்சம் ஆல்பத்தின் வெற்றி உச்சத்தில் இருந்த நேரம் அது. வேறு எங்கு பாடினாலும் அரங்கு நிறைந்திருக்கும்.

லா ஃபார்ஜுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆல்பம் வந்து ஓராண்டு முடிந்த கையோடு, 1965 அக்டோபரில், முப்பத்து நாலு வயதில் நியூயார்க்கில் இறந்தார்.

கேட்கும் முறை: தொகுப்பு எதுவும் வேண்டாம், எட்டுப் பாட்டும் வரிசையாக வரும் பதிவையே தேடுங்கள். நாலாவது பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு 'அய்ரா ஹேய்ஸ்' பாட்டைத் தொடங்குங்கள்; அன்று இசைத்தட்டைத் திருப்பிப் போட எடுத்த இடைவெளி அந்தப் பாட்டுக்குத் தேவை. பிறகு இரண்டு பாதைகள் இருக்கின்றன. பின்னோக்கிப் போக விரும்பினால் கேஷின் 1960ஆம் ஆண்டு ஆல்பமான 'ரைட் திஸ் டிரெய்ன்', 1963இல் வந்த 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' இரண்டையும் கேளுங்கள். ஒரே பொருளை எடுத்து ஆல்பம் முழுதும் பேசும் பழக்கம் அவருக்கு எப்படி வளர்ந்தது என்று தெரியும். முன்னோக்கிப் போக விரும்பினால், ஐம்பதாம் ஆண்டையொட்டி 2014இல் ஜோ ஹென்றி தயாரித்த 'லுக் அகெய்ன் டு த விண்ட்' இருக்கிறது. எட்டுப் பாட்டுகளையும் இன்றைய பாடகர்கள் புதிதாகப் பாடியிருக்கிறார்கள். அதில் கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் 'புல் வளரும் காலம் வரை' பாட்டை இன்னும் மெதுவாக்கி, இன்னும் நீட்டிப் பாடுகிறார்கள். ரியானன் கிடன்ஸ் கடைசிப் பாட்டில் புதிய உயிர் ஊட்டியிருக்கிறார். மூல ஆல்பத்தில் வாசித்த அதே நார்மன் பிளேக், ஐம்பது ஆண்டு கழித்து முதியவராக வந்து 'டிரம்ஸ்' பாட்டைப் பாடுகிறார். நான் முதலில் அந்தப் பதிவைப் போட்டுவிட்டு, உடனே கேஷின் 1964 பதிவைப் போடுவேன். லா ஃபார்ஜ் தானே பாடி ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான குரல் அவருடையது, பாட்டுகள் பழகிய பிறகு கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.